மண்ணுக்குள் 50 ஆண்டு: குடிநீர், கழிவுநீர்க் குழாய்களின் சூழல் கணக்கு

தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்பது, "இரும்பா, பிளாஸ்டிக்கா?" என்பதுதான். சுற்றுச்சூழல் பேச்சு வந்தாலும் அதே கேள்விதான் முதலில் வருகிறது. ஆனால் ஒரு குழாயைத் தாது தோண்டும் சுரங்கத்தில் தொடங்கிக் காயலான் கடை வரைக்கும் பின்தொடர்ந்து கணக்குப் போட்டால், அந்தக் கேள்விக்கு நாம் நினைக்கும் அளவு கனம் இல்லை என்று தெரியும். குடிநீர்க் குழாயின் பெரும் பாதிப்பு, அது ஓடும் காலத்து மின்சாரத்திலும் ஒழுக்கிலும் இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் இதற்கு நேர் எதிர். அதன் பாதிப்பில் பெரும்பகுதி பள்ளத்தை மூடும் முன்பே நடந்து முடிந்துவிடும். மீதி வாயுவாக வெளியேறும். ஒரே தெருவில் அக்கம்பக்கத்தில் கிடக்கும் இரண்டு குழாய்களுக்கு ஏன் இரண்டு விதக் கணக்கு என்பதைச் சென்னையை வைத்துப் பார்ப்போம்.

அளவுகோல்

இந்தக் கணக்குக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். துறையில் சுருக்கமாக எல்.சி.ஏ. என்பார்கள். 2006இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்ற இரண்டு தரநிலைகள்தான் இதற்கு இலக்கணம். எதற்காக, எந்த எல்லைக்குள் கணக்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு உள்ளே போகும் பொருள், மின்சாரம், டீசல், வெளியே வரும் புகை, கழிவு எல்லாவற்றையும் பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் புவி வெப்பமாதல், அமிலமாதல், நீர்நிலையில் சத்து மிகுந்து பாசி படர்தல், நச்சு என்று பாதிப்புகளாக மாற்ற வேண்டும். கடைசியில் எந்த எண்ணை அசைத்தால் விடை புரள்கிறது என்று சோதிக்க வேண்டும். படி நான்கு என்றாலும் நேர்கோட்டில் ஏறிப் போக முடியாது. பட்டியல் எடுக்கும்போதே எல்லை தவறு என்று தெரிந்து முதல் படிக்குத் திரும்புவது வழக்கம்.

தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் 'செயல் அலகு'. எதற்கு எதை ஒப்பிடுகிறோம் என்பதுதான் அது. ஒரு கிலோ இரும்பையும் ஒரு கிலோ பிளாஸ்டிக்கையும் ஒப்பிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்: வார்ப்பு வகையில் உறுதியான டி.ஐ. குழாய்க்கு கிலோவுக்குச் சுமார் 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு, எச்.டி.பி.இ. என்ற அடர்த்தி மிகுந்த பாலித்தீன் குழாய்க்கு 2 முதல் 2.5 கிலோ. ஆனால் யாரும் குழாயைக் கிலோ கணக்கில் தரைக்கடியில் போடுவதில்லை. 300 மி.மீ. டி.ஐ. குழாய் ஒரு மீட்டருக்கு 60 கிலோ அளவில் இருக்கும். அதே உள்விட்டத்தைத் தரும் 355 மி.மீ. எச்.டி.பி.இ. குழாய் சுமார் 21 கிலோதான். அலகை 'மீட்டர்' என்று மாற்றியதும் பிளாஸ்டிக் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதையே 'ஆண்டுக்கு ஒரு மீட்டர்' என்று மாற்றினால் ஆயுள் உள்ளே வரும். 50 ஆண்டு நிற்பதும் 80 ஆண்டு நிற்பதும் ஒன்றல்ல. 'வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு கனமீட்டர் தண்ணீர்' என்று வைத்தால்தான் உண்மையான படம் கிடைக்கும். குழாய் இருப்பது தண்ணீருக்காக.

இதற்குச் சென்னையைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. 1970களில் பாதியில் நின்றுபோன பழைய வீராணம் ஏரிக் குடிநீர்த் திட்டத்துக்காகச் செய்யப்பட்ட ராட்சதக் கான்கிரீட் குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரத்தில் கிடந்தன. அவற்றுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. சிமென்ட், கம்பி, லாரி என்று பிறப்புக் கணக்கு முழுவதும் செலவாகிவிட்டது. அந்த வழியே தண்ணீர் ஒரு சொட்டும் போகவில்லை. கனமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டியிருக்கும். பெரிய அளவில் அது நமக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. தெருவில் கழிவுநீர்க் குழாய் பதித்துவிட்டு வீட்டு இணைப்பு கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தாலும் கணக்கு இதேதான்.

ஒரு கிலோமீட்டர் குடிநீர்க் குழாய்

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். 300 மி.மீ. உள்விட்டம், நீளம் 1 கி.மீ., வினாடிக்கு 70 லிட்டர், ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓட்டம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 கனமீட்டர். அதாவது 40 லட்சம் லிட்டர்.

பிறப்பு: டி.ஐ. என்றால் 60 டன் குழாய், சுமார் 120 டன் கார்பன் (கார்பன் டை ஆக்சைடைத்தான் இனிச் சுருக்கமாகக் கார்பன் என்கிறோம்). எச்.டி.பி.இ. என்றால் 21 டன் குழாய், 50 டன்னுக்குச் சற்றுக் குறைவு.

பதித்தல்: 90 செ.மீ. அகலம், 1.4 மீ. ஆழம் என்றால் 1,260 கனமீட்டர் மண். பொக்லைன் இயந்திரம் புகை விட்டுக்கொண்டு தோண்டுவதைப் பார்த்தால் இதுதான் பெரிய குற்றவாளி என்று தோன்றும். ஆனால் மொத்தத் தோண்டலுக்கும் டீசல் 400 லிட்டரைத் தாண்டாது. கார்பன் ஏறக்குறைய ஒரு டன். மேலே சாலையை மறுபடி போடும் தார்க்கலவைதான் கனமானது. 1.2 மீ. அகலத்துக்கு 10 செ.மீ. கனம் போட்டாலே 275 டன் கலவை வேண்டும். அதன் கார்பன் 15 டன்னை நெருங்கும். குழாயின் அடியிலும் பக்கத்திலும் போடும் மணல் கார்பன் கணக்கில் சிறிதாகத்தான் தெரியும். ஆற்றுமணலாக இருந்தால் அதன் சேதம் கணக்கு அட்டவணையின் வேறு பத்தியில், ஆற்றுப்படுகையும் நிலத்தடி நீரும் இருக்கும் பத்தியில், எழுதப்பட வேண்டும். கார்பனை மட்டும் பார்க்கிறவர்கள் இந்தப் பத்தியைத் திறப்பதே இல்லை.

ஓட்டம்: இப்போதுதான் பெரிய எண் வருகிறது. குழாய்ச் சுவரில் உரசும்போது தண்ணீர் அழுத்தத்தை இழக்கிறது. நீரியல் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் போட்டால், வழவழப்பான புதுக் குழாயில் இந்த ஓட்டத்துக்கு ஒரு கிலோமீட்டரில் 2.9 மீ. அழுத்தம், அதாவது தண்ணீரை 2.9 மீ. உயர்த்தக்கூடிய அழுத்தம், போய்விடும். ஒரு கனமீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த 2.7 வாட்-மணி போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறன் என்றால் 4.2 வாட்-மணி. அற்பம்தான். ஆனால் 2.9 மீ., நாளுக்கு 4,000 கனமீட்டர், 50 ஆண்டு என்று பெருக்கினால் ஏறத்தாழ 9 லட்சம் யூனிட்! நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன். ஆக 600 டன்னுக்கு மேல். தண்ணீரை மேலே ஏற்றும் செலவு இதில் சேரவில்லை. வெறும் உரசலுக்கு மட்டும் இவ்வளவு, டி.ஐ. குழாயின் பிறப்புக் கணக்கைப்போல் ஐந்து மடங்கு.

உரசல் இழப்பு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 300க்குப் பதில் 350 மி.மீ. போட்டால் 2.9 மீ. இழப்பு 1.4 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். கூடுதல் இரும்பு சுமார் 15 டன், அதன் கார்பன் 30 டன். 50 ஆண்டில் மிச்சமாவது 300 டன்னுக்கு மேல். டெண்டரில் குழாய் விலை மட்டும் பார்க்கும் இடங்களில் இந்தப் பேரம் கண்ணில் படாது. மின்கட்டணம் வேறு பைலில் இருக்கிறது.

இதே குழாய் பழைய வார்ப்பிரும்பாக இருந்து உள்ளே துரு முண்டு முண்டாகக் கட்டியிருந்தால், சூத்திரத்தில் வழவழப்பைக் குறிக்கும் எண் 140இலிருந்து 100க்கு இறங்கும். இழப்பு 2.9 மீட்டரிலிருந்து 5.4 மீட்டராக ஏறும். துருவைச் சுரண்டி எடுத்து உள்ளே சிமென்ட் பூச்சுக் கொடுப்பது, தோண்டாமலே பழைய குழாய்க்குள் புதிய உறையைச் செலுத்துவது போன்ற வேலைகளின் சூழல் லாபம் இங்கேதான் இருக்கிறது. 

மேலே சொன்னதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த 70 லிட்டர் உண்மையிலேயே ஓட வேண்டும். 30 ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகையை மனத்தில் வைத்து மிகப் பெரிய குழாய் போட்டு, அதில் வினாடிக்கு 20 லிட்டர் மட்டும் ஊர்ந்தால் சேமிக்க உரசலே இருக்காது. தண்ணீர் குழாயிலேயே நெடுநேரம் தங்கிக் குளோரினையும் இழக்கும். இன்னொன்று: மின்கட்டமைப்பில் காற்றும் சூரியனும் கூடி யூனிட்டுக்கு 0.7 என்பது 0.35 ஆனால் 600 டன் பாதியாகும். அப்போது குழாயின் பிறப்புக் கணக்கின் பங்கு கூடும். இரும்பா, பிளாஸ்டிக்கா என்ற பழைய கேள்விக்கு மறுபடி மரியாதை வரும்.

ஒழுக்கு

மேலே கண்ட குழாயில், 20 மீ. அழுத்தத்தில், 7 மி.மீ. துளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் பருமன். நிமிடத்துக்கு 27 லிட்டர் போகும். 16 மணி நேரத்தில் 26,000 லிட்டர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு வரும் தண்ணீர் என்றால் சேதம் குறைவு. மீஞ்சூர், நெம்மேலி நிலையங்களில் கடல்நீரைக் குடிநீராக்கி வரும் தண்ணீர் என்றால் ஒரு கனமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஏற்கெனவே செலவாகியிருக்கும். 3.5 என்று வைத்தால் அந்தப் பென்சில் துளை ஆண்டுக்கு 33,000 யூனிட்டுக்கு மேல் குடிக்கிறது. கார்பன் 24 டன் அளவில். ஐந்தே ஆண்டில் ஒரு கிலோமீட்டர் டி.ஐ. குழாயின் மொத்தப் பிறப்புக் கணக்கை அந்த ஒரு துளை எட்டிப்பிடித்துவிடும்.

எனவே எந்தப் பொருள் என்பதைவிட எந்த இணைப்பு, யார் கையால் என்பது பெரிய கேள்வி. எச்.டி.பி.இ. குழாய்களின் இரண்டு முனைகளையும் 220 டிகிரி அளவில் சூடான தட்டில் உருக்கி அழுத்தி ஒட்டுவார்கள். முனையைச் சீவாமலோ, தூசியோடோ, ஆறுவதற்குள் அசைத்தோ ஒட்டினால் வெளியே பார்க்க அழகான வளையம் வரும். அழுத்தம் ஏறிய சில மாதங்களில் அங்கேயே பிளக்கும். டி.ஐ. குழாயின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டோ, மண் ஒட்டிக்கொண்டோ உள்ளே போனாலும் இதே கதை. அதைவிட அதிக ஒழுக்கு முதன்மைக் குழாயிலிருந்து வீட்டுக்குக் கிளை பிரியும் இடத்தில்தான் நடக்கிறது. துளையிட்டு ஃபெரூல் என்ற சிறிய இணைப்பானை மாட்டி மெல்லிய குழாய் இழுக்கும் அந்த ஒரு அடிக்குள் நகரத்துத் தண்ணீரில் எவ்வளவோ போகிறது. பதித்த குழாயை மண் மூடும் முன் அழுத்தச் சோதனை செய்வது எல்லா ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். வீட்டு இணைப்பு கொடுத்த பிறகு மறுபடி யாரும் சோதிப்பதில்லை.

மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2008இல் வகுத்த சேவை அளவுகோல்படி கணக்கில் வராத நீர் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். திருட்டு இணைப்பு, மீட்டர் பிழை எல்லாம் சேர்த்துத்தான் இந்த 20. ஒழுக்கு மட்டுமே 30 சதவீதம் உள்ள வலையமைப்பில் வீட்டுக்கு 100 லிட்டர் சேர, 143 லிட்டர் எடுத்துச் சுத்திகரித்து அனுப்ப வேண்டும்.

இடைவிட்டுத் தண்ணீர் விடுவது இதை மேலும் கெடுக்கிறது. தினமும் குழாய் காலியாகி மறுபடி நிரம்பும்போது காற்று அடைபட்டு அழுத்தம் எகிறும், இணைப்புகள் தளரும். காலியான நேரத்தில் வெளியே இருக்கும் சாக்கடை நீர் அதே துளை வழியே உள்ளே வரும். ஒழுக்கு வெளியே போவது மட்டும் அல்ல.

தெருவோடு முடியாத குழாய்

எல்லையை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் விடையை மாற்றும். நீரேற்று நிலையம் அரும்பாடு பட்டு உண்டாக்கிய அழுத்தம் வீட்டு வாசலில் சம்ப்பில் கொட்டிக் காணாமல் போகிறது. அங்கிருந்து அரைக் குதிரைத்திறன் மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. சிறிய மோட்டார்களின் மொத்தத் திறன் 30 சதவீதம் இருந்தாலே பெரிது. 12 மீ. ஏற்ற ஒரு கனமீட்டருக்கு 109 வாட்-மணி ஆகும். அந்த மின்சாரத்தில் நீரேற்று நிலையத்துப் பெரிய பம்பு அதே தண்ணீரை 26 மீ. உயர்த்திவிடும். எல்.சி.ஏ. அறிக்கை தெருக்குழாயோடு நின்றுகொண்டால் இந்தச் செலவு யார் கணக்கிலும் வராது. தெருக்களில் அடிபம்பு வைத்துக் குழாய்நீரை மேலே இழுக்கும் பகுதிகளில் அந்த வேலையை மனிதக் கை செய்கிறது. அதற்கு எந்தக் கணக்கிலும் பத்தி கிடையாது.

குழாய் வராத இடத்தில் லாரி வரும். 9,000 லிட்டர் லாரி போகவர 20 கி.மீ. ஓடினால், லிட்டருக்கு 4 கி.மீ. வீதம் 5 லிட்டர் டீசல். கனமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கார்பன். குழாயில் 20 மீ. அழுத்தத்தில் அனுப்பினால் 60 கிராம். குழாயின் பாதிப்பைப் பேசும்போது குழாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

தூரம் அதிகம் என்றாலே மின்சாரம் அதிகம் என்றும் இல்லை. 2004இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டம் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவர வடிவமைக்கப்பட்டது. ஏரியிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையம், அங்கிருந்து கடம்புலியூர் வரைக்கும்தான் பம்பு தள்ளுகிறது. கடம்புலியூரிலிருந்து போரூர் வரை சுமார் 200 கி.மீ. தண்ணீர் சரிவில் தானாக ஓடி வருகிறது. விட்டம் பெரிதாக இருந்தால்தான் இது முடியும். பெரிய விட்டத்துக்கு நிறைய உலோகம் வேண்டும்: 1.5 மீ. விட்டம், 10 மி.மீ. சுவர் உள்ள எஃகுக் குழாய் எதுவானாலும் கிலோமீட்டருக்கு 370 டன். ஆனாலும் 50 ஆண்டு நிறைய ஓடினால் அந்த எஃகு ஒரு கனமீட்டருக்குச் சில பத்து கிராம் கார்பனாகக் கரைந்துவிடும். ஏரி வறண்டு குழாய் பாதி நாள் சும்மா கிடந்தால் அந்த எண் இரட்டிப்பாகும்.

கழிவுநீர்க் குழாய்: எல்லாம் ஆழத்தில்

பாதாளச் சாக்கடை சரிவில் ஓடுகிறது. தள்ளப் பம்பு வேண்டாம். சரிவுக்குத்தான் விலை கொடுக்க வேண்டும். மண்ணும் மலமும் அடியில் தங்காமல் இழுத்துப் போக வினாடிக்கு 0.6 முதல் 0.8 மீ. வேகம் தேவை. 300 மி.மீ. குழாயில் 0.8 மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 300க்கு 1 என்ற சரிவு வேண்டும், கிலோமீட்டருக்கு 3.3 மீ. இறக்கம். சென்னை போன்ற தட்டை நிலத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் புறப்பட்ட குழாய் ஒரு கி.மீ. தாண்டுவதற்குள் 4 மீட்டருக்குக் கீழே போய்விடும். ஆழம் மிஞ்சும் இடத்தில் நீரேற்று நிலையம் வைத்து மேலே தூக்கி, மறுபடி சரிவில் விட வேண்டும். 

4 மீ. ஆழப் பள்ளம் என்றால் மீட்டருக்கு 5 கனமீட்டர் மண், 8 டன்னுக்கு மேல். சரியாமல் இருக்க இரும்புத் தகடு இறக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் இரண்டு மீட்டரிலேயே ஊற்று எடுக்கும். இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தபடிதான் குழாய் இறக்க முடியும். பள்ளத்தின் ஆழம் இரண்டு மடங்கானால் அகலமும் கூடும், முட்டும் கூடும், சாலை வெட்டும் கூடும். பாதிப்பு இரண்டு மடங்கோடு நிற்பதில்லை.

இங்கே குழாயைவிட மேன்ஹோல் கனமானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 300 மி.மீ. கான்கிரீட் குழாய் 40 மி.மீ. சுவரோடு கிலோமீட்டருக்கு 107 டன். கான்கிரீட்டுக்குக் கிலோவுக்கு 0.15 கிலோ கார்பன் என்று வைத்தால் 16 டன். 30 மீட்டருக்கு ஒன்று வீதம் கிலோமீட்டருக்கு 34 மேன்ஹோல், 4 மீ. ஆழத்தில் ஒவ்வொன்றுக்கும் நாலரைக் கனமீட்டர் கான்கிரீட் என்றால் மொத்தம் 55 டன் கார்பன் வரை போகும். எந்தக் குழாய் என்று வாரக்கணக்கில் வாதிடுகிறவர்கள் மேன்ஹோல் சுவரின் கனத்தையும் எண்ணிக்கையையும் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

குடிநீர்க் குழாய்க்குச் சொன்ன 'பெரிதாகப் போடு' என்ற புத்திமதியும் இங்கே செல்லாது. தேவைக்கு மீறிய விட்டத்தில் கழிவுநீர் மெல்லிய படலமாக ஊர்ந்து, தூர் தங்கி, அழுகத் தொடங்கும். அங்கிருந்துதான் இரண்டாவது பாதிப்பு ஆரம்பம். காற்றில்லாத சேற்றிலும் சுவர் வழும்பிலும் வாழும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு குழாயின் மேல்பாதி ஈரத்தில் படிய, அங்கே இருக்கும் வேறு நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் கான்கிரீட்டின் கூரையைத் தின்னும். குழாயின் அடி நன்றாக இருக்க, உச்சி மட்டும் உதிர்ந்து, ஒரு நாள் சாலை உள்வாங்கும். வெப்பம் இதை விரைவாக்கும். நம் ஊரில் வெப்பத்துக்குக் குறைவில்லை. 60 ஆண்டு என்று எழுதிய ஆயுள் 25 ஆனால் ஆண்டுக் கணக்கு இரட்டிப்புக்கும் மேல் போகும். மெருகிட்ட பீங்கான் குழாய்களை இந்த அமிலம் தொடாது. கான்கிரீட் குழாய்க்குள் பிளாஸ்டிக் உறை கொடுத்தாலும் தாங்கும்.

அதே சேற்றில் மீத்தேனும் பிறக்கிறது. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 27 முதல் 30 மடங்கு வெப்பமூட்டும் வாயு இது. சரிவுக் குழாயைவிட, கழிவுநீரேற்று நிலையத்திலிருந்து அழுத்தத்தோடு போகும் குழாய் மோசம். அது முழுக்க நிரம்பி, காற்றே இல்லாமல், பம்பு நிற்கும் நேரமெல்லாம் தேங்கிக் கிடக்கும். பெரிய பம்பை நாளுக்குச் சில முறை ஓட்டுவதைவிடச் சிறிய பம்பை அடிக்கடி ஓட்டினால் தேக்கம் குறையும். ஃபெரிக் குளோரைடு போன்ற இரும்பு உப்பைக் கலப்பதும் சல்பைடைக் கட்டிப்போடும்; அந்த உப்பைச் செய்யும் ஆலைக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

ஒழுக்கும் இங்கே தலைகீழ். நிலத்தடி நீர் மட்டம் உயரமாக உள்ள இடத்தில், விரிசல் வழியே நல்ல தண்ணீர் சாக்கடைக்குள் வருகிறது. மழைநீரைக் கழிவுநீர் இணைப்பில் விடும் வீடுகளும் சேர்ந்தால் கார்த்திகை மாதத்தில் ஓட்டம் பல மடங்காகும். சென்னையில் கழிவுநீர் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவித்தான் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. உள்ளே வந்த மழைநீரையும் ஒவ்வொரு தாவலிலும் தூக்கி, கடைசியில் சுத்திகரிப்பு செய்து, வெளியே விட வேண்டும்.

பராமரிப்பில், நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டியின் டீசல் மொத்தக் கணக்கில் சிறு துளி. ஆனால் அந்த வண்டி போகாத தெருவில் மனிதர் இறக்கப்படுகிறார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் மேன்ஹோல் சாவுகள் நிற்கவில்லை; முக்கியக் காரணம் மேலே சொன்ன அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். எல்.சி.ஏ. அட்டவணையில் 'மனித நச்சு' என்ற பத்தி சூழலில் பரவும் ரசாயனங்களை அளக்கிறது. குழிக்குள் நடக்கும் சாவை அது பார்ப்பதில்லை. தூர் தங்காத சரிவை வடிவமைப்பிலேயே கொடுப்பதன் முதல் காரணம் கார்பனாக இருக்க வேண்டியதில்லை.

கார்பன் அல்லாத பத்திகள்

டி.ஐ. குழாய்க்கு இரும்புச் சுரங்கம், கல்கரி உலை, துத்தநாகப் பூச்சு. எனவே நச்சுப் பத்தியில் அது மேலே நிற்கும். உப்பு மண்ணில் போட்டால் துரு வேறு; கடலோரத்தில் பாலித்தீன் உறை சுற்றாமல் புதைப்பது பணத்தைப் புதைப்பது. பி.வி.சி.யில் நெடுங்காலம் ஈயச் சேர்மங்கள் நிலைப்படுத்தியாகக் கலக்கப்பட்டன. 2021இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதைப் படிப்படியாக விலக்க விதி கொண்டுவந்தது. எச்.டி.பி.இ.க்குச் சொல்லும் 50 ஆண்டு வலிமை 20 டிகிரி வெப்பத்தில் அளந்தது. 30 டிகிரியில் தாங்கும் அழுத்தம் 13 சதவீதம் குறையும், 40இல் நாலில் ஒரு பங்கு. ஆழமாகப் புதைத்தால் பிரச்சினை இல்லை. வெயிலில் வாய்க்கால் ஓரமாக விட்டால் உண்டு. குளிர்நாட்டு அறிக்கையிலிருந்து ஆயுளை அப்படியே எடுத்து நம் கணக்கில் போடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சாவுக்குப் பின்

புத்தகத்தில் கடைசிக் கட்டம் மறுசுழற்சி. தெருவில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. செயலிழந்த குழாயைத் தோண்டி எடுக்கும் செலவு அதன் விலையைவிட அதிகம். இரு முனையையும் அடைத்துவிட்டு, பக்கத்தில் புதியது போடுவார்கள். எனவே அறிக்கையில் '90 சதவீதம் மறுசுழற்சி' என்று எழுதிப் பாதிப்பைக் கழித்திருந்தால், தோண்டி எடுப்பது யார் என்று கேளுங்கள். விதிவிலக்கு பழைய வார்ப்பிரும்பு. சணல் திணித்து ஈயம் உருக்கி ஊற்றிய அதன் இணைப்புகளுக்குக் காயலான் கடையில் நல்ல விலை. வேறு வேலைக்காகப் பள்ளம் வெட்டும்போது கிடைத்தால் யாரும் விட்டுவைப்பதில்லை. 

மலிவு என்று ஒரு காலத்தில் நிறையப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்தான் எடுக்காமல் விடவேண்டியது. மண்ணுக்குள் அசையாமல் கிடந்தால் அது தீங்கு செய்யாது. கட்டர் வைத்து உலர்வாக அறுத்தால் பறக்கும் இழைத்தூள் நுரையீரலுக்குள் போகும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் நனைத்து, கை ரம்பத்தால், முகமூடியோடு. வெட்டிய துண்டைக் கட்டடக் கழிவோடு கலக்காமல் தனியாகக் கட்டி அனுப்ப வேண்டும். விட்டுவைத்த மீதிக் குழாய் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதை வரைபடத்தில் குறித்துவைத்தால், அடுத்த முறை அங்கே பொக்லைன் இறக்குகிறவருக்கு அது இரும்பு இல்லை என்று தெரியும்.